பர்மா சொந்தங்களை டேக் செய்யாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மியான்மர் (பர்மா) தேர்தல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. அந்தத் தேர்தலைக் குறை சொன்னாலே குறைந்தது 3 ஆண்டு சிறை என்று 2025 ஜூலையில் சட்டம் போட்டுவிட்டுத்தான் ராணுவ ஆட்சியாளர்கள் அதை நடத்தினார்கள் என்பதை மட்டும் கட்டுரை சொல்லவில்லை. முகநூலில் விமர்சித்து எழுதியதற்காகத் அங்கே தவுங்ஜி நகரில் ஒருவருக்கு 7 ஆண்டு கடுங்காவல் விதித்தார்கள்.

நான் ரங்கூனில் பிறந்தவள். நே வின் ராணுவ ஆட்சி 1964-இல் கடைகளை நாட்டுடைமையாக்கியதும் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. பெரிய அக்காவைக் கட்டிக்கொடுத்துவிட்டதால் அவள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். அவள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கேதான். அக்காவின் கடிதங்கள் பிரித்து ஒட்டப்பட்டுத்தான் வரும். இப்போது வீடியோ காலில் அக்கா மகள் முகத்தைப் பார்த்தே பேசலாம், ஆனால் வெயில், அரிசி விலை, யாருக்குக் கல்யாணம் என்பதைத் தாண்டி வாயைத் திறக்க மாட்டாள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 1 விடியற்காலையில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்து, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் ஆங் சான் சூகியைப் பிடித்தபோதே இணையத்தையும் துண்டித்தார்கள். மூன்றே நாளில் முகநூல் முடங்கியது. அப்புறம் தினமும் நள்ளிரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை நாடு முழுக்க இணையத்தை நிறுத்தி வைத்தார்கள். வீடு புகுந்து ஆட்களைப் பிடித்துப் போனதும் பெரும்பாலும் அந்த இருட்டு நேரத்தில்தான். ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்று நார்வேயின் டெலிநார் தொலைபேசி நிறுவனம் 2022-இல் தொழிலை விற்றுவிட்டு வெளியேறியது. வாடிக்கையாளர் விவரங்களும் வாங்கியவர் கைக்குப் போயின. தடையைத் தாண்ட மக்கள் நம்பியிருந்த விபிஎன் செயலிகளை 2024 மே முடிவிலிருந்து அடைக்கத் தொடங்கினார்கள். தெருவில் நிறுத்தி போனை வாங்கிப் பார்க்கிறார்கள், விபிஎன் இருந்தால் காசு கறக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் எழுதுவது நம் ஆட்களுக்காக. எங்கள் பகுதித் தம்பி ஒருவன், ஆட்சியைக் கவிழ்த்த ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கைக் கிண்டலடிக்கும் படத்தை முகநூலில் போட்டு, யாங்கூனில் (எங்கள் பழைய ரங்கூன்தான்) இருக்கும் தன் மாமா பையன்களை டேக் செய்திருந்தான். நல்ல பிள்ளைதான், கோபத்தில் செய்தது. கூப்பிட்டுத் திட்டி எடுக்க வைத்தேன். ராணுவத்தை எதிர்க்கும் அமைப்புகளின் பதிவுக்கு லைக் போட்டாலே 10 ஆண்டு வரை சிறை என்று 2022 செப்டம்பரில் ராணுவத்தின் பேச்சாளரே அறிவித்தார். சூகியின் பிறந்தநாளுக்கு அவரைப் போலத் தலையில் பூ வைத்தவர்களையே பிடித்துப் போயிருக்கிறார்கள். ராணுவ ஆதரவாளர்களுக்கு டெலிகிராமில் தனிச் சேனல்கள் உண்டு. யார் என்ன எழுதினார்கள் என்று தோண்டி, பெயர், முகவரியோடு போடுவார்கள். அடுத்து கைதுதான். இங்கே வியாசர்பாடியில் உட்கார்ந்து நாம் போடும் டேக், அங்கே வழக்காகிவிடும். பர்மா தமிழர் வாட்ஸ்ஆப் குழுக்களில் இதைத் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களின் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புவதும் வேண்டாம்.

டெல்லியும் கவனிக்க வேண்டும். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்திய நிறுவனங்களிலிருந்து 5.1 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் பொருட்களும் மியான்மருக்குப் போனதாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023-இல் சொன்னார். இணைய முடக்கத்தைக் கண்டிக்க நம் நாட்டுக்கு வாய் வராது என்பதும் தெரிந்ததுதான். இணைய உரிமைக்காகப் பாடுபடும் ஆக்சஸ் நவ் அமைப்பின் கணக்கில் 2024-இல் மியான்மரில் 85 முடக்கங்கள். அதற்கு அடுத்த இடம் நமக்கு, 84. சரி, ஆயுதத்தையாவது நிறுத்தலாமே.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மியான்மர் போராட்டப் படங்களை வெளியிடும்போது முகங்களை மறைத்துப் போடுங்கள். தங்கள் பத்திரிகை இணையத்திலும் வருகிறது, அங்கிருப்பவர்களும் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ரங்கூனில் பிறந்த வாசகி,
வியாசர்பாடி, சென்னை.