டவுன் ஹாலில் இரண்டு பெண்களின் பெயர் வேண்டும்

அனுப்புநர்:
டெல்லி வாழ் தமிழ்ப் பெற்றோர் சிலர்,
ராமகிருஷ்ணபுரம், புதுடெல்லி.

பெறுநர்:
மதிப்பிற்குரிய மேயர் அவர்கள்,
டெல்லி மாநகராட்சி,
சிவிக் சென்டர், புதுடெல்லி.

பொருள்: சாந்தினி சௌக் டவுன் ஹால் முன்பு ஜஹானாரா பேகம், அருணா ஆசஃப் அலி இருவரைப் பற்றிய தகவல் பலகை வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு வணக்கம்.

போன குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்திருந்த உறவினர்களையும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சாந்தினி சௌக் தெருவில் செங்கோட்டையிலிருந்து மேற்குக் கோடியில் உள்ள ஃபதேபுரி மசூதி வரை நடந்தோம். வண்டிகள் இல்லாமல் நடக்கும்படி தெருவைச் சீர்செய்த பிறகு அது அருமையான நடை. கூட வந்த வழிகாட்டி, "இதெல்லாம் ஷாஜகான் கட்டினது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி, "அப்போ இந்த ஊரில் பொண்ணுங்க யாரும் எதுவும் கட்டலையா?" என்று கேட்டாள். இந்த மனு அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

கட்டியிருக்கிறார்கள். அவள் நின்ற தெருவையே ஒரு பெண்தான் அமைத்தார். ஷாஜகானின் மூத்த மகள் ஜஹானாரா, தாய் மும்தாஜ் 1631-ல் இறந்தபோது பதினேழு வயதில் அரண்மனைப் பொறுப்பை ஏற்றவர். சூரத் துறைமுக வருமானம் அவருக்கு இருந்தது. 1650 வாக்கில் அவர் திட்டமிட்டு அமைத்த சதுக்கத்தின் நடுவே ஒரு குளம். அதில் நிலா தெரிந்ததால் சாந்தினி சௌக் என்ற பெயர் வந்தது என்பார்கள். குளம் போய், அங்கே எழுந்த மணிக்கூண்டும் இடிந்துவிட்டது. கடைக்காரர்கள் மட்டும் இன்றும் அந்த இடத்தை கண்டாகர், அதாவது மணிக்கூண்டு, என்கிறார்கள்.

அந்தச் சதுக்கத்தின் வடக்கே ஜஹானாரா ஒரு பெரிய சத்திரம் கட்டினார். அதற்குப் பின்னால் தோட்டம். அப்போது டெல்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, இப்படிப்பட்ட சத்திரங்கள் பாரிஸிலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியிருக்கிறார். 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் சத்திரத்தை இடித்து, அதே இடத்தில் டவுன் ஹாலை எழுப்பினார்கள். அதாவது, உங்கள் மாநகராட்சி பல்லாண்டுக் காலம் குடியிருந்த கட்டடம் ஜஹானாராவின் மனையில்தான் நிற்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று மனதில் படும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. மங்கம்மாளும் ஏறக்குறைய அதே நூற்றாண்டுக்காரர். கட்டடம் நின்றதால் ராணியின் பெயரும் ஜனங்கள் வாயில் நின்றுவிட்டது. ஆட்டோக்காரரிடம் சொன்னால் கொண்டுபோய் விடுவார். ஜஹானாராவுக்குக் கட்டடமும் போனது, தெருவில் பெயரும் போனது.

அப்புறம் அருணா ஆசஃப் அலி. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, 1942 ஆகஸ்ட் 9 அன்று, தலைவர்கள் எல்லாரும் கைதான காலையில், மும்பை கோவாலியா டேங்க் மைதானத்தில் கொடியேற்றியவர். தலைமறைவாக இருந்த அவரைப் பிடித்துக் கொடுத்தால் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அவருடைய சொத்தைப் பறிமுதல் செய்து விற்றார்கள். 1958-ல் டெல்லி மாநகராட்சி அமைந்தபோது அதன் முதல் மேயர் அவர்தான். இன்று நீங்கள் வகிக்கும் அதே பதவி. தெற்கு டெல்லியில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அந்த வழியாகத்தான் எங்களில் பலர் தினமும் வேலைக்குப் போகிறோம். அவர் மேயராக அமர்ந்த டவுன் ஹாலின் வாசலிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

ஒரு பெண்ணின் மனையில் எழுந்த கட்டடத்தில் முந்நூறு ஆண்டுக்குப் பிறகு இன்னொரு பெண் நகரத்தின் முதல் மேயராக வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, "இதை ஏன் அங்கேயே எழுதி வைக்கல?" என்றுதான் கேட்டாள்.

ஆகவே டவுன் ஹால் முன்பு, நடப்பவர்கள் நின்று படிக்கும் உயரத்தில், இருவரைப் பற்றியும் ஒரு கல் பலகை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இந்தி, உருது, பஞ்சாபி, ஆங்கிலம் பலகையில் இருக்கட்டும். மற்ற மொழிகளுக்கு ஒரு கியூஆர் கோடு போதும். தமிழ் வாசகத்தை நாங்களே எழுதி, சரிபார்த்து, செலவில்லாமல் தருகிறோம். தெருவின் மேற்குக் கோடியில் மசூதி கட்டிய ஷாஜகானின் மனைவி ஃபதேபுரி பேகம், இப்போது எலெக்ட்ரிக் சாமான் சந்தையாக இருக்கும் பகீரத் பேலஸில் மாளிகை வைத்திருந்த, சர்தனாவை ஆண்ட பேகம் சம்ரு, துர்க்மான் கேட் பக்கம் புல்புலி கானா சந்துக்குள் உறங்கும், டெல்லியை ஆண்ட சுல்தானா ரஸியா ஆகியோரையும் பிற்பாடு இதே வரிசையில் சேர்க்கலாம். முதலில் இந்த ஒரு பலகை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜஹானாராவின் சமாதி நிஜாமுதீன் தர்காவில், கூரையில்லாமல், மேலே புல் வளரும்படி இருக்கிறது. பச்சைப் புல்லைத் தவிர வேறெதுவும் என்னை மூட வேண்டாம் என்று அங்கே பாரசீகத்தில் பொறித்திருக்கிறது. திருக்குறள் எக்ஸ்பிரஸ் பிடிக்க நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம். பக்கத்திலேயே அவர் இருப்பது எங்களில் பலருக்கு இருபது வருஷமாகத் தெரியவில்லை. பெரிய நினைவு மண்டபம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. அவர் அமைத்த தெருவில் அவர் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மனுவின் இந்தி மொழிபெயர்ப்பையும், டவுன் ஹால் முன் பலகை வைக்கக்கூடிய இடத்தின் இரண்டு புகைப்படங்களையும் இணைத்திருக்கிறோம். நேரில் விளக்கப் பதினைந்து நிமிடம் ஒதுக்கித் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். கேள்வி கேட்ட பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்