தெரணிக் கல்லில் இருப்பது பெரணி அல்ல

அன்புள்ள சாந்தி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். தாவரவியல் மட்டும் வேண்டாம் என்றாளே, அந்த வருத்தத்தை நேரில் கொட்டுகிறேன்.

பெரம்பலூர்ப் பக்கத்துத் தெரணி களிமண் குழியில், கல்லில் பதிந்திருக்கும் பழங்கால இலையைக் கதிர் எடுத்த படங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "பெரணிதானே?" என்று கேட்டிருக்கிறாய். மூன்று வருடம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தவள் இப்படிக் கேட்கலாமா? பெரணியின் சிற்றிலையில் பெரும்பாலும் ஒரு நடுநரம்பும் அதிலிருந்து பிரியும் கிளைகளும் தெரியும். இதில் நடுநரம்பே இல்லை. நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை இணையாக ஓடுகின்றன. சிற்றிலை காம்பின் பக்கவாட்டில் ஒட்டாமல், மேற்புறத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் மேல்மூலை வளைந்திருக்கிறது, கீழ்மூலை காம்போடு வழிந்து இறங்குகிறது. இது டைலோஃபில்லம், சாந்தி! கல்லில் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஒரு செடியின் இலை. 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும், வடக்கே ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையிலும் கிடைக்கும் அதே இலை.

சிற்றிலையின் அடி காதுமடல் போலப் புடைத்து, நரம்புகள் விசிறியாக விரிந்திருந்தால் ஓட்டோசாமைட்டிஸ் என்ற வேறொரு கல்லிலை என்பேன். நரம்புகள் வலையாகப் பின்னியிருந்தால் டிக்டியோசாமைட்டிஸ் என்ற இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாயல்தான். அடியையும் நரம்பையும் பார்க்காமல் பெயர் வைக்கவே கூடாது.

ரத்தினம் பார்த்தால் உடனே "சைக்கஸ்" என்பான், இன்றும் தோட்டங்களில் பனைபோல நிற்கும் அந்தச் செடி. அவனுக்கு எல்லாமே சைக்கஸ்தான். இது பென்னெட்டைட்டேலிஸ் என்ற, அடியோடு அழிந்துபோன விதைத்தாவரக் கூட்டம். இலைத்தோல் கிடைத்தால் இலைத்துளைகளின் அமைப்பை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம். இலை ஒரு பெயரில், தண்டு ஒரு பெயரில், பூ ஒரு பெயரில் தனித்தனியாகக் கிடந்ததைப் தொல்தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னி 1932இல் ராஜ்மகால் புதைபடிவங்களைக் கொண்டு ஒரே செடியாகச் சேர்த்துக் காட்டினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஒரு குறை. படத்தில் அளவே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு நாணயமாவது வைத்திருக்கக் கூடாதா? உச்சிவெயிலில் எடுத்ததால் பாதி நரம்புகள் மறைந்துவிட்டன. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சம் விழும்போது எடுக்கச் சொல். கல்லின் எதிர்ப்பாதியும் அங்கேயே கிடக்கும், அதையும் தேடச் சொல்.

தள்ளிப்போட வேண்டாம், சாந்தி. அது களிமண்ணுக்காக வெட்டப்படும் குழி. இன்று கண்ணில் படும் அடுக்கு அடுத்த மாதம் லாரியில் போய்விடும். எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வைக்காத இலையை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. கதிருக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடு. பொங்கல் விடுமுறையில் நானே வந்து அவனோடு குழியில் இறங்குகிறேன்.

ரத்தினத்தைப் பார்த்தால் என் கைலென்ஸைத் திருப்பித் தரச் சொல்.

அன்புடன்,
மல்லிகா