காற்றுப் படாமல் காத்தவர்களுக்கு

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டியில் ஆக்சிஜன் குறைவு என்ன செய்கிறது என்பதைப் பற்றிய என் ஆய்வேட்டை ஒருவழியாகச் சமர்ப்பித்துவிட்டேன். நன்றி சொல்ல அதில் ஒரு பக்கம் உண்டு. வழக்கமான வரிசையில் எழுதி முடித்தேன், ஆனால் சொல்ல நினைத்தது அதில் அடங்கவில்லை.

முதலில் எங்கள் ஆய்வுக்கூட டெக்னீஷியன் அக்காவுக்கு. ஆக்சிஜனை 1 சதவீதமாகக் குறைத்த பெட்டியில் செல்களை ஒரு நாள் முழுக்க வைத்து எடுப்பேன். ஆக்சிஜன் குறைந்தால் செல்லில் சேரும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம், சோதனைப் படத்தில் கறுப்புப் பட்டையாகத் தெரிய வேண்டும்; அந்த இடத்தில் பட்டையே இருக்காது. நான்கு மாதம் இதே கதை. புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடியைக் குறை சொன்னேன், பஃபர் கரைசலை மாற்றினேன், ஒரு வாரம் செல்களையே திட்டித் தீர்த்தேன். ஒருநாள் அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, தட்டை வெளியே வச்சு நிதானமாக் கழுவிட்டு இருக்கீங்களே, காத்துப் படாதா?" என்றார்.

ஆக்சிஜன் கிடைத்த சில நிமிடங்களிலேயே செல் அந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான், கைக்குத்தான் தெரியவில்லை. செல் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காகவே கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அதைப் புரியவைத்தவர் அக்கா. மறுநாள் பெட்டியின் கையுறைத் துளை வழியாகக் கைவிட்டு, உள்ளேயே செல்களை உடைத்து எடுத்தோம். பட்டை கன்னங்கரேலென்று வந்தது. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

நோய்க்கூறியல் பேராசிரியருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஸ்லைடில், நடுவே செத்த திசு. அதைச் சுற்றி வேலி கட்டியதுபோல நெருக்கியடித்த செல்கள். "கூட்டம்னு நினைக்காதப்பா, இது ஓட்டம்" என்றார். ரத்தக்குழாய் அடைபட்டு மூச்சு முட்டுகிற இடத்திலிருந்து வெளியே நகரும் செல்கள் அவை. ஆக்சிஜன் சுத்தமாக இல்லாத செல்லைக் கொல்லக் கதிர்வீச்சு ஏறக்குறைய மூன்று மடங்கு தேவைப்படும் என்பதையும் அந்த ஸ்லைடை வைத்துக்கொண்டே விளக்கினார்.

நோயெதிர்ப்பியல் பிரிவுத் தோழியிடம் நான் பட்ட பாடு தனி. கட்டியில் ஆக்சிஜன் குறைந்தால் லாக்டிக் அமிலமும் அடினோசின் என்ற வேதிப்பொருளும் சேர்கின்றன; கட்டியைத் தாக்க வேண்டிய டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் துவண்டுபோகின்றன. டி செல்களைத் தடுக்கும் பிடி-எல்1 புரதம் கூடுகிறது, வந்து சேரும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களும் கட்டிக்கே காவலாகிவிடுகின்றன. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் கைகொடுத்த, டி செல்களின் இந்தத் தடையை நீக்கும் நிவோலுமாப் மருந்து, சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமாவில் மூன்றாம் கட்டச் சோதனையில் ஆயுளைக் கூட்டவில்லை. அதற்கு ஆக்சிஜன் குறைவுதான் காரணம் என்று எழுதியிருந்தேன். அவள் சிவப்பு மையில் அடித்து, "காரணங்களில் ஒன்று" என்று திருத்தினாள். இந்தக் கட்டிக்குள் டி செல்கள் வருவதே குறைவு, மூளை வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டும் அவற்றை அடக்கும், எல்லாப் பழியையும் உன் ஆக்சிஜன் தலையில் போடாதே என்று சண்டை. அன்று கோபம் வந்தது. அவள் சொன்னதே சரி.

கடைசியாக, அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவில் ஒரு துணுக்கை எங்களுக்குத் தந்த குடும்பங்களுக்கு. கதிர்வீச்சுடன் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்தைச் சேர்த்தபோது, நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூடியது என்று 2005-இல் வெளியான சோதனை காட்டியது. இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம் அந்த இரண்டரை மாதம்தான். மனதில் இந்தக் கணக்கோடு, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் சம்மதப் படிவத்தை நீட்டுவது எளிதாக இருந்ததில்லை.

"இதனால எங்க வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் பலன் இருக்குமா?" என்று ஒரு அம்மா கேட்டார். இருக்காதும்மா என்றேன். கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றார்.

பட்டாணி அளவுகூட இல்லாத அந்தத் துணுக்கை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். குப்பியில் எண் மட்டும்தான் ஒட்டுவோம், பெயர் எழுதக் கூடாது. இங்கேயும் எழுதவில்லை, அம்மா.