நோட்டீஸில் இருக்கிற வில் இணையதளத்தில் எங்கே போச்சு?

நம்ம நாட்டார் கலை விழாக் குழுவின் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். 14 வருஷமாக விழா நோட்டீஸ் அடித்துத் தருகிறவன். புரூஃப் பார்க்க வருவீர்கள், காபி குடிப்பீர்கள், "இந்தப் பேரை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடும் வே" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். இதையும் நேரில் சொல்லியிருக்கலாம்தான். இரண்டு கூட்டத்தில் ஆரம்பித்தும் பார்த்தேன். இரண்டு தடவையும் பேச்சு பந்தல்காரர் பாக்கிக்குப் போய்விட்டது. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

போன மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை. சுவரில் நம்ம போஸ்டர். கல்லூரிப் பையன் ஒருவன் டீ கிளாஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் போஸ்டரில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தான். இளநீலத்தில் ஒரு பக்கம் திறந்தது. மேலே பரதநாட்டியம் ஆடும் ஒரு பெண், பின்னால் ஒரு கோபுரம். அது எந்த ஊர்க் கோபுரமோ, நெல்லையப்பர் கோவில் கோபுரம் இல்லை. பையன் போனைப் பார்த்தான், போஸ்டரைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். "வேற எங்கயோ போயிட்டு அண்ணாச்சி. ஸ்கேனு தப்பு போலுக்கு" என்று மூடிவிட்டான். தப்பில்லடே, அதுதான் நம்ம இணையதளம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் நடத்துகிற விழா. வாசலில் பரதநாட்டியம். பரதத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கணியான் கூத்தில் மகுடம் என்கிற பறை அடிக்கிற இரண்டு பேரும், பெண் வேஷம் கட்டி ஆடுகிறவர்களும், நடுவில் நின்று பாடுகிற அண்ணாவியும் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

நோட்டீஸில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். முதல் வருஷம் ஓவிய வாத்தியார் ஒருவர் லினோ என்கிற ரப்பர் மாதிரித் தகட்டில் செதுக்கிக் கொடுத்த வில். இரண்டு முனையும் மேலே வளைந்து நிற்க, மணிகள் தொங்க, கீழே குடம், குறுக்கே நாணை அடிக்கிற இரண்டு வீசுகோல். கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஆச்சிகூட அதைப் பார்த்துவிட்டு "வில்லுக்காரங்க நோட்டீசு" என்று சொல்லிவிடுவாள்.

நோட்டீஸின் சிவப்பும் சும்மா வந்ததில்லை. கோயில் மதில் காவிப் பட்டையின் நிறம் வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். முதல் ஆயிரம் ஓடியபோது கண்ணைப் பறித்தது. மறுநாள் இங்க் காய்ந்ததும் செங்கல் பொடி மாதிரி மங்கிவிட்டது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். மெஷினை நிறுத்தி, சிவப்பில் மஞ்சளையும் துளி கறுப்பையும் கலந்து, துண்டுத் தாளில் தடவி வெயிலில் காயவைத்துப் பார்த்துப் பார்த்துப் பிடித்தோம். அந்தக் கலவைக் கணக்கு இன்றும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. 14 வருஷம் அதே காவி.

இணையதளத்தில் இந்த இரண்டும் இல்லை. ரெடிமேடாகக் கிடைத்த டெம்ப்ளேட் ஒன்றில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறது. இதைச் செய்த தம்பியைக் குறை சொல்லவில்லை. சம்பளம் இல்லாமல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்தவன். நோட்டீஸை ஒருமுறை பாருடே என்று நாம்தான் அவனிடம் சொல்லவில்லை.

அந்த டெம்ப்ளேட்டால் வந்த வினை ஒன்று. அமெரிக்காக்காரன் மாதத்தை முதலில் எழுதுவான். ஆகஸ்ட் 7 நிகழ்ச்சி பக்கத்தில் 08/07 என்று விழுந்தது. கடையத்திலிருந்து ஒரு குடும்பம் ஜூலை 8 அன்று வேன் பிடித்து வந்து, காலி மைதானத்தில் இறங்கி, எனக்குத்தான் போன் போட்டார்கள். நோட்டீஸில் அச்சகத்தின் நம்பர் இருக்கிறதே! தமிழ் மாதம், இங்கிலீஷ் தேதி, கிழமை என மூன்றையும் நோட்டீஸில் போடுகிறோம். அது பழைய பழக்கம்தான், ஆனால் யாரும் நாள் தப்பி வந்ததில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான்: நோட்டீஸும் இணையதளமும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். இப்படிச் சொன்னதும் பொருளாளர் அண்ணாச்சி, "அப்போ நோட்டீஸையே போட்டோ எடுத்து முகப்பில் போட்டுருவோம், செலவும் மிச்சம்" என்பார். தயவுசெய்து வேண்டாம். நிகழ்ச்சி நிரல் பக்கத்தில் இப்போது அதைத்தான் செய்திருக்கிறோம். 20க்கு 30 அங்குலப் போஸ்டரை உள்ளங்கை அகலக் கண்ணாடியில் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேடினால் கிடைக்காது. பார்வை இல்லாதவர்கள் போனில் வைத்திருக்கும் வாசிப்பானும் அதைச் சரியாகப் படிக்காது. ஒரு கலைஞரின் பேரனே தாத்தா பெயரைத் தேடினாலும் நம்ம பக்கம் வராது.

நோட்டீஸிலிருந்து வர வேண்டியது வில், காவி, எழுத்தின் சாயல், சொல்கிற வரிசை. தாளின் அமைப்பு வர வேண்டியதில்லை. தாளை ஒரே பார்வையில் பார்க்கிறோம். போனில் மேலிருந்து கீழே போகிறோம்.

வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். நோட்டீஸில் பிள்ளையார் சுழிக்குக் கீழே நாள், இடம், அப்புறம் எந்த ஊர் செட், அதாவது எந்த ஊர்க் குழு, என்று வரும். நம்ம சனம் முதலில் கேட்பதே "வில்லு எந்த ஊர் செட்டு?" என்பதுதான். இணையதளத்தில் முதலில் எங்களைப் பற்றி, அடுத்து எங்கள் நோக்கம், அதற்கும் கீழே தலைவர் படம். தலைவர் அண்ணாச்சி கோபிக்கக் கூடாது, உங்கள் படம் நன்றாகத்தான் இருக்கிறது. செட்டுக்குக் கீழே வரட்டும்.

காவியை, நான் நோட்டீஸ் வடிவமைக்கிற கோரல்டிரா மென்பொருள் ஃபைலில் உள்ள எண்ணைப் பார்த்து அப்படியே போட்டுவிட முடியாது. தாளில் இங்க், திரையில் வெளிச்சம். காய்ந்த நோட்டீஸைப் பகல் வெளிச்சத்தில் போனுக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு மூன்று போனில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எழுத்துக்கும் அடிநிறத்துக்கும் குறைந்தது 4.5க்கு 1 வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணையதளம் செய்கிறவர்கள் ஒத்துக்கொண்ட அளவு. காவியில் வெள்ளை எழுத்து அதில் தாராளமாகத் தேறும். நோட்டீஸ் ஓரத்து மஞ்சளை வெள்ளையில் எழுத்தாகப் போட்டால் தேறாது.

எழுத்துக்கும் காசு கிடையாது. மீரா இனிமை, முக்தா மலர், பவனம் என்கிற தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் வரிக்கு வரி நன்றாக இடம் விடச் சொல்லுங்கள். இங்கிலீஷுக்குச் செய்த நெருக்கத்தில் மேல்வரி எழுத்தின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கிறது. சாய்வெழுத்தும் வேண்டாம். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் காற்றில் பந்தல் சாய்ந்த மாதிரி இருக்கிறது.

பழைய நோட்டீஸ் வாசகங்களை நான் பென் டிரைவில் கொடுத்தேன். அவை பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்தவை; இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த எழுத்துரு அது. அப்படியே ஒட்டியதால், பழைய விழாக்கள் பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்துக் கொத்தாக, புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாகக் கிடக்கிறது. இரண்டு வருஷமாக அப்படியே கிடப்பதால், நம்மில் ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை என்று தெரிகிறது. நானும்தான். எல்லா போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்ற ஒரு ராத்திரி போதும். மாற்றிய பிறகு ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் ஒவ்வொன்றாகப் பார்க்க மூன்று நாள் ஆகும். அதை நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம். லினோ அச்சிலிருந்து வில்லைப் புதிதாக எடுத்தும் தருகிறேன்.

மற்றதெல்லாம் அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம், பந்தல்காரர் பாக்கிக்கு முன்னால். ஒன்று மட்டும் இன்று ராத்திரியே ஆக வேண்டும். முகப்பில் ஐந்தாவது வரியில் "கனியான் கூத்து" என்று இருக்கிறது. மூன்று சுழி போட்டு "கணியான்" என்று திருத்திவிடுங்கள். விழாவுக்கு வரப்போகிற அண்ணாவி பார்த்தால் என்ன நினைப்பார்? பாஸ்வேர்டு சென்னைக்கு வேலைக்குப் போன தம்பியிடம் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நோட்டீஸ்காரன்