எந்தச் செயலிக்கு என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்

கணினிக் கட்டமைப்புப் பாடத்தின் வினாத்தாள் அமைக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே,

வணக்கம். சென்ற பருவத்தின் விடைத்தாள் திருத்தும் முகாமில், 4000 எண்கள் கொண்ட அணியைக் கூட்டும் ஒரு சி மொழிச் சுழலை அசெம்பிளியில் (செயலியின் கட்டளைகளைச் சொற்களாக எழுதும் மொழியில்) எழுதி, மொத்தம் எத்தனை கட்டளைகள் நிறைவேறும் என்று கணக்கிடச் சொன்ன வினாவைத் திருத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. எந்தச் செயலிக்கு (புராசஸருக்கு) எழுத வேண்டும் என்பது வினாவில் இல்லை. போலிக் கட்டளைகளை, அதாவது செயலியில் நேரடியாக இல்லாமல், நிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் அசெம்பிளர் உண்மைக் கட்டளைகளாக விரித்துக்கொள்ளும் வரிகளை, பயன்படுத்தலாமா என்பதும் இல்லை. விடைக்குறிப்பில் மட்டும் ஒரே ஓர் எண் இருந்தது. அந்த எண்ணோடு ஒத்துப்போகாத விடைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும்படி எங்களுக்குச் சொல்லப்பட்டது.

சுழலின் எல்லையான 4000-ஐ ரிஜிஸ்டரில் (செயலிக்குள் ஓர் எண்ணை வைத்திருக்கும் இடத்தில்) ஏற்றுவதற்கு ஏறக்குறைய எல்லா மாணவர்களும் 'எல்ஐ' என்ற ஒரே போலிக் கட்டளை வரியைத்தான் எழுதியிருந்தார்கள். மிப்ஸ் வகைச் செயலியில் கட்டளைக்குள் எழுதும் எண்ணுக்கு (மாறிலிக்கு) 16 பிட் இடம் இருப்பதால் அந்த வரி ஒரே கட்டளையாகவே முடிந்துவிடும். ரிஸ்க்-ஃபைவ் என்ற மற்றொரு வகைச் செயலியில், மாறிலியைக் கூட்டும் 'ஆட்ஐ' கட்டளைக்குள் 12 பிட்தான் அடங்கும், அதாவது −2048 முதல் 2047 வரை. ஆகவே அதே வரியை அசெம்பிளர் இரண்டாகப் பிரிக்கிறது: முதலில், எண்ணின் மேல் பகுதியை ஏற்றும் 'எல்யூஐ' 4096-ஐ ஏற்றும், பிறகு 'ஆட்ஐ' அதனுடன் −96-ஐக் கூட்டும். சுழலின் கிளைக் கட்டளையிலோ நிலைமை தலைகீழ். 'சிறியதானால் தாவு' என்னும் 'பிஎல்டி' ரிஸ்க்-ஃபைவில் உண்மையான கட்டளை. மிப்ஸிலோ அது போலிக் கட்டளை, ஒப்பிடும் 'எஸ்எல்டி', தாவும் 'பிஎன்இ' என இரண்டாக விரியும். இடையில் அசெம்பிளருக்கென ஒதுக்கிய 1-ஆம் ரிஜிஸ்டரையும் எடுத்துக்கொள்ளும். எல்லையை ஏற்றும் வரியைச் சுழலுக்குள்ளேயே எழுதிய மாணவர்கள் பலர். அது சிக்கனமான நிரல் இல்லை, ஆனால் பிழையான நிரலும் இல்லை. நிபந்தனை 4001 முறை சோதிக்கப்படுவதால், அந்த ஒரு வரியை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதிலேயே விடையில் 4001 கட்டளைகள் வேறுபாடு வந்துவிடுகிறது. இதில் எந்த எண்ணைச் சரி என்று நான் போடுவது?

எண்ணிக்கை போகட்டும். −96 எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் கிடைக்கிறது. 4000 என்ற எண்ணை இரும எண்ணாக எழுதினால் அதன் வலப்பக்க 12 பிட்டிலேயே முழுவதும் அடங்கிவிடும், மேல் பகுதி பூச்சியம். எனவே மேலே 0, கீழே 4000 என்று பிரித்து எழுதினால் போதும் என்று மாணவர் நினைக்கிறார். ஆனால் அந்த 12 பிட்டுகளைச் செயலி கூட்டல்-கழித்தல் குறியுள்ள எண்ணாகப் படித்து −96 என்றே எடுத்துக்கொள்ளும். எல்லையே −96 ஆகிவிடுவதால் சுழல் ஒருமுறைகூட ஓடாது. இதை ஈடுகட்ட மேல் பகுதியில் ஒன்றை (மதிப்பில் 4096-ஐ) கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அசெம்பிளர் ஓசையில்லாமல் செய்துவிடுவதால், கையால் விரித்துப் பார்க்காதவருக்கு அது தெரிய வழியே இல்லை.

இதைவிடச் சுவையான பிழை ஒன்றை ஒரு விடைத்தாளில் கண்டேன். இயந்திரக் குறியீட்டுக்காகச் சுழலின் தொடக்கத்துக்குத் திரும்பும் தூரத்தைக் கணக்கிட்ட மாணவர், ரிஸ்க்-ஃபைவில் இரண்டாக விரியும் 'எல்ஐ'யை ஒன்றாகவே எண்ணியிருந்தார். தூரம் ஒரு கட்டளையின் அளவான 4 பைட் குறைந்துவிட்டது. தாவல் 'எல்யூஐ'யில் விழாமல் அடுத்திருந்த 'ஆட்ஐ'யில் விழுகிறது. சுற்றுக்குச் சுற்று எல்லை 96 குறைந்துகொண்டே வர, 4000 முறை ஓட வேண்டிய சுழல் 42 முறையோடு நின்றுவிடும். தாளின் ஓரத்தில் இதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் அன்று என் விடைத்தாள் கட்டு தாமதமானது. விடைக்குறிப்பின்படி அது வெறும் 'தவறு'. போலிக் கட்டளையை விரித்து எழுதும்படி வினாவே கேட்டிருந்தால், அந்த மாணவர் தம் பிழையைத் தாமே பிடித்திருக்கக்கூடும்.

ஆகவே குழுவினரிடம் நான் கேட்பது இதுதான். வினாவின் முதல் வரியிலேயே செயலியின் பெயரை எழுதுங்கள். மிப்ஸ் நிறுவனமே 2021-இல் ரிஸ்க்-ஃபைவ் பக்கம் வந்துவிட்டது, சென்னை ஐஐடியின் சக்தி செயலியும் அந்த வகைதான் என்பதால் 32 பிட் ரிஸ்க்-ஃபைவே போதும் என்பது என் எண்ணம். இல்லை, மிப்ஸ்தான் என்றாலும் எனக்கு மறுப்பில்லை, சொல்லிவிட்டால் சரி. போலிக் கட்டளைகளைத் தடை செய்ய வேண்டாம். அவற்றை எழுத விட்டு, அதே வினாவின் இரண்டாம் பகுதியாக, 'எழுதியவற்றுள் போலிக் கட்டளைகள் எவை, ஒவ்வொன்றும் எந்த உண்மைக் கட்டளைகளாக மாறும்' என்று கேளுங்கள். விடைக்குறிப்பில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, மாணவர் எழுதிய நிரலின்படி கணக்கு சரியா என்று பார்க்கும் முறையைத் தாருங்கள். திருத்துவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதை அறிவேன். அந்த நேரத்தைக் கொடுக்க நான் அணியமாக இருக்கிறேன், உடன் திருத்திய மூவரும் அவ்வாறே சொன்னார்கள்.

அடுத்த பருவ வினாத்தாள் அச்சுக்குப் போகுமுன் இதைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர்களில் ஒருவர்