பள்ளித் திடல் நிழற்கூரைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

லாஸ் வேகஸில் நம் வார இறுதித் தமிழ் வகுப்புகள் நடக்கும் அரசுப் பள்ளியில், விளையாட்டுத் திடலுக்கு நிழற்கூரை போடும் பணி முடிந்துவிட்டது. கூரையையும் அதன் கீழுள்ள பெஞ்சுகளையும் ஓரத்தில் நட்ட பாலோ வெர்டே என்ற பாலைவன மரக் கன்றுகளையும், இங்குள்ள அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான கல்வி மாவட்டத்திடம் ஒப்படைத்துவிட்டோம்.

நாம் திரட்டிய பணத்தில் கட்டியதை ஏன் சங்கத்தின் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் அந்த நிலத்தில் இருக்கிறது.

நம் நெவாடா மாநிலத்தில் சுமார் 80 சதவீத நிலம் ஃபெடரல் அரசுடையது, அதாவது நாட்டின் மத்திய அரசுடையது. 1785 முதலே, ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் (36 பிரிவுகளாக அளந்து பிரித்த நிலச் சதுரம்) 16ஆம் பிரிவை, அதாவது 640 ஏக்கரை, பள்ளிகளுக்கு ஒதுக்கும் வழக்கம் இந்த நாட்டில் உண்டு. நெவாடாவுக்கு 16, 36 என இரண்டு பிரிவுகள் கிடைத்தன. பெரும்பாலும் விலைபோகாத வறண்ட நிலம். எனவே 1880இல் மாநிலம் அவற்றைத் திருப்பிக் கொடுத்து, தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் 20 லட்சம் ஏக்கரை வாங்கியது. அப்புறம் அதையும் ஏறக்குறைய முழுவதும் விற்றுவிட்டது. இதைப் பேசும்போதெல்லாம் குழுவில் எல்லோருக்கும் மனது கனத்தது.

ஆக, இன்று இங்கே பல பள்ளிகளுக்கு இடம் கிடைப்பது 1926ஆம் ஆண்டின் பொழுதுபோக்கு, பொதுப் பயன்பாட்டு நிலச் சட்டத்தால்தான். ஃபெடரல் நில மேலாண்மைத் துறை, சந்தை விலையை விட மிகக் குறைவாக, குத்தகையாகவோ பட்டயமாகவோ (உரிமைப் பத்திரம்) நிலத்தைத் தருகிறது. ஆனால் நிபந்தனை கறாரானது. அனுமதி இல்லாமல் வேறு பயன்பாட்டுக்கோ வேறு கைக்கோ போனால், நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தேசிய வன நிலங்களுக்காக 2000 டிசம்பரில் வந்த கல்வி நில மானியச் சட்டத்திலும் இதே கட்டுப்பாடு உண்டு. பெயரளவு விலைக்கு 80 ஏக்கர் வரை கிடைக்கும், ஆனால் பள்ளிக்கு மட்டுமே.

நம் பள்ளி நிலமும் 1926 சட்டத்தின் கீழ் வந்ததுதான். அதனால், நமக்கென்று பூட்டி வைக்கும் ஓர் அறை என்ற முதல் திட்டத்தைக் கைவிட்டோம். கட்டிய அனைத்தையும் மாவட்டத்துக்கு எழுத்து மூலம் நன்கொடையாகக் கொடுத்தோம். குழுவின் பார்வையில் இதுவே சரியான முடிவு. கோடையில் 43 டிகிரியைத் தாண்டும் ஊரில், வாரத்தின் ஐந்து நாளும் எல்லாக் குழந்தைகளும் அந்த நிழலில் விளையாடுகிறார்கள்.

வேலையில் ஒரே சிக்கல், தூண்களுக்குக் குழி தோண்டும்போது தட்டுப்பட்ட சுக்கான் பாறை என்ற இறுகிய சுண்ணாம்புப் படிவு. அதை உடைக்க எந்திரம் வரவழைத்ததால் செலவு கூடியது. கூடுதல் தொகையைத் தயங்காமல் ஏற்ற குடும்பங்களுக்கு மனமார்ந்த நன்றி.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளரிடம் பார்க்கலாம். மீதித் தொகையைக் கன்றுகளின் சொட்டு நீர்ப் பராமரிப்புக்கு ஒதுக்கப் பரிந்துரைக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் உங்கள் ஒப்புதலைக் கேட்போம்.

திருப்பணிக் குழு