பொதுச் சொற்பொழிவுக்கு யாரைக் கூப்பிடலாம்?

தருமபுரி,
மார்ச் 9

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நீ வேளைக்குப் போட்டுக்கொள்ள மாட்டாய், தங்கச்சியையே போட்டுவிடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். மாமரத்தில் பிஞ்சு பிடித்திருக்கிறது, ஆனால் போன வருஷம் அளவுக்கு இல்லை.

அறிவியலையும் சமூகத்தையும் சேர்த்து மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடத்தப்போகிறார்கள், தமிழ் வாத்தியாரான என்னை எதற்குக் குழுவில் போட்டார்கள் என்று கேட்டிருந்தாய். வேறு யாரைப் போடுவார்கள்? எல்லாத் துறைக்காரனோடும் உட்கார்ந்து டீ குடிக்கிற ஆள் நீ ஒருத்தன்தானே.

விஞ்ஞானியாகவும் நாவலாசிரியராகவும் இருந்த ஆங்கிலேயர் சி.பி. ஸ்னோவின் ‘இரண்டு கலாச்சாரங்கள்’ பேச்சை முதல் கூட்டத்துக்குத் தலைப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாய். 1959 மே 7 அன்று கேம்பிரிட்ஜில் அவர் பேசியது பெரிய பேச்சுதான். இயற்பியலின் அடிப்படைப் பாடமான வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைக் கேட்டால் இலக்கியக்காரர்கள் விழிக்கிறார்கள் என்ற அவருடைய குறையும் நியாயம்தான். ஆனால் அவர் பார்த்தது ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு படித்த கூட்டத்தை. நம் ஊரில் இந்தப் பிரிவினை பிளஸ் ஒன் சேர்க்கை அன்றைக்கே நடந்துவிடுகிறது. மார்க் வாங்கினவன் ஃபர்ஸ்ட் குரூப், வாங்காதவன் ஆர்ட்ஸ் குரூப். இது வெறும் பிரிவினை இல்லை, மேல் கீழ். வரலாறு படித்த பையன், விஞ்ஞானி பேசும் அரங்கில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க மாட்டான். முதலில் உடைக்க வேண்டியது அந்தத் தயக்கத்தை. ஸ்னோ மெதுவாக வரட்டும்.

முன்னோடி வேண்டுமென்றால் கல்கத்தாவைப் பார். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், பொதுமக்களிடம் பணம் திரட்டி அறிவியல் வளர்ச்சிக்கு ஒரு சங்கம் தொடங்கினார். ஊர்க்காரர்கள் வந்து கேட்கும்படி அங்கே சொற்பொழிவுகள் நடந்தன. 1907இல் கல்கத்தாவுக்குக் கணக்குத் துறை அதிகாரியாகப் போன சி.வி. ராமன், ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் ஆராய்ச்சி செய்தது அந்தச் சங்கத்தில்தான். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவைக் கண்டுபிடித்ததும் அங்கேதான்.

அந்தத் தேதிதான் தேசிய அறிவியல் நாள், வந்தால் எல்லாக் கல்லூரியிலும் ஒரு சிறப்புரை உண்டு அல்லவா? போன வாரம் இங்கே ஒரு கல்லூரியில் நடந்ததற்குப் போயிருந்தேன். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை என்று முக்கால் மணி நேரம் போனது. வருகைப் பதிவுக்காக உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேராசிரியர் அதியமானையும் நெல்லிக்கனியையும் சொல்லிவிட்டு அமர்ந்தார். எனக்கு எரிச்சல். அறிவியலுக்குப் பக்கத்தில் இலக்கியத்தை ஊறுகாய் மாதிரி வைத்துவிட்டு, இரண்டையும் இணைத்துவிட்டோம் என்கிறார்கள்.

அப்புறம்தான் கூட்டம் சூடு பிடித்தது. தலைப்பு நம் ஊர்ப் பல்லில் இருக்கும் கறை.

வெளியூரிலிருந்து வந்த நிலவியல்காரர் நல்ல தமிழில் பேசினார். இங்கே அடியில் இருப்பது கிரானைட்டும், நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறையும். பாறை இடுக்கில் தண்ணீர் நெடுங்காலம் தங்கினால் அதிலுள்ள கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து வரும். தண்ணீரில் கால்சியம் இருந்தால் அது ஃப்ளூரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும், குறைவாக இருந்தால் ஃப்ளூரைடு தண்ணீரிலேயே தங்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, முளைக்கப்போகும் பல்லிலேயே கறை விழுந்துவிடுகிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அளவு கூடக் கூட, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

அமெரிக்கக் கதை ஒன்றும் சொன்னார். 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போன பல் மருத்துவர் மெக்கே, அந்த ஊர்க்காரர்களின் பழுப்புப் பல்லைப் பார்த்துக் காரணம் தேடினார். விடை கிடைக்க 30 வருஷம் ஆனது. 1931இல் தண்ணீரிலுள்ள ஃப்ளூரைடுதான் காரணம் என்று கண்டுபிடித்த எச்.வி. சர்ச்சில் ஓர் அலுமினிய கம்பெனியின் வேதியியலாளர். அலுமினியப் பாத்திரம் விஷம் என்ற வதந்தி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கறைப் பழியும் கம்பெனி தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் தண்ணீரைச் சோதித்தார்களாம். வேதியியல் வகுப்பில் எத்தனையோ வருஷம் ஃப்ளூரின் நடத்தினேன், இப்படி ஒரு கதையோடு நடத்தியிருந்தால் பையன்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்துப் பேசிய சமூகவியல் அம்மா கேட்டது வேறு மாதிரி. திறந்த கிணறு வற்றி, போர் மேல் போர் போட்டு ஆழத்துக்குப் போனோமே, அது பாறையின் முடிவா, நம் முடிவா? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கைவைத்து வாயை மூடிச் சிரிக்கும் பெண்ணுக்கு எந்த அளவுகோல்? கடைசியாக ஒன்று கேட்டார்: ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதே, காவிரித் தண்ணீர் வந்த பிறகும் சில வீடுகளில் ஏன் போர் தண்ணீர் குடிக்கிறார்கள்?

சேகர், இந்தக் கேள்விக்கு மேடையில் பதில் இல்லை. பின் வரிசையில் இருந்து வந்தது. காய்ச்சிக் குடித்தால் போய்விடாதா என்று ஒரு பாட்டி கேட்டார். போகாது, தண்ணீர் சுண்டினால் ஃப்ளூரைடு இன்னும் செறிவாகும் என்றார் நிலவியல்காரர். ஒரு பெண் எழுந்து, “குழாயில தண்ணி விடுற நேரத்துக்கு நாங்க கூலி வேலைக்குப் போயிடுறோம். காட்டுல இருக்கிற போர் தண்ணிதான் குடிக்கிறோம்” என்றார். ஆற்றுத் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்றார் இன்னொருவர். டேங்க் ஆபரேட்டர் ஒருவர் தயங்கித் தயங்கி, தங்கள் ஊரில் இரண்டு தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலந்துதான் விடுகிறோம் என்றார். நிலவியல்காரர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் மாணவர்கள் யாரும் செல்போனைப் பார்க்கவில்லை.

அதனால் உன் குழுவுக்கு நான் சொல்வது இதுதான். தலைப்பை உங்கள் ஊரிலிருந்து எடு, தமிழில் பேசச் சொல், பொன்னாடையை நிறுத்து. பேச்சு 40 நிமிஷத்தில் முடியட்டும், கேள்விக்கு ஒரு மணி நேரம் விடு. இரண்டு துறைக்காரர்களும் ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆளுக்கொரு பேச்சு வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மேல் வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள். கூடவே அந்தத் தலைப்போடு தினமும் மல்லுக்கட்டுகிற ஒருவரை மேடையிலேயே உட்கார வை. எங்கள் கூட்டத்தில் அந்த டேங்க் ஆபரேட்டர் மேடையில் இருந்திருக்க வேண்டியவர்.

எதிர்ப்பு வரும். டேங்க் ஆபரேட்டருக்கு எந்தப் பட்ஜெட்டில் பயணப்படி கொடுப்பது என்று உன் அலுவலகம் நிச்சயம் கேட்கும். அதற்கு என்னிடம் யோசனை இல்லை, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புளி உலுக்கி, கொட்டை எடுத்து வைத்தாயிற்று. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புளி கொடுத்துப் பார்த்ததில், சிறுநீரில் வெளியேறும் ஃப்ளூரைடு கூடியதாம். 2002இல் எழுதியிருக்கிறார்கள். அதற்காக உன்னைக் குடிக்கச் சொல்லவில்லை, ரசத்துக்கு 5 கிலோ அனுப்புகிறேன். பஸ்ஸில் போட்டுவிடவா, பார்சல் சர்வீஸா என்று போன் போட்டுச் சொல்.

அன்புடன்,
முருகேசன்